நூற்று அறுபத்திரண்டு

எங்கள் வீட்டுக் கதவிலிருந்து ரொட்டிக்கடை வரை
நூற்று அறுபத்திரண்டு படிகள்.
வால்பரைசோவில் இது பெரிய கணக்கில்லை.
தலைக்குமேல் மலை, காலடியில் கடல்,
இரண்டுக்கும் நடுவே ஓடும் விஞ்ச்
போன மார்ச்சிலிருந்து பழுது.

தனியாக இறங்கினால் மூன்று நிமிடம்.
ரோசியோவோடு இறங்கினால்
துறைமுகத்தில் ஒரு கப்பலே கிளம்பிவிடும்.

இரண்டு வயதும் நான்கு மாதமும் அவளுக்கு.
இருக்கிற கொஞ்சம் சொற்களில்
அதிகம் தேய்ந்தது "நானே".
சட்டை நானே. பொத்தான் நானே.
மழை பூட்ஸும் நானே.
வலது காலில் இடது,
இடது காலில் ஒன்றுமில்லை.
சரிசெய்யக் குனிந்தேனோ போச்சு,
எதிர்வீட்டு செனோரா ஓல்காவின் ஜன்னல் திறக்கும்
அப்படியொரு கத்தல்.

முப்பத்தெட்டாவது படி விளிம்பு உடைந்தது,
கம்பி துருத்திக்கொண்டிருக்கும்.
அக்குளில் கை கொடுத்து
ஒரே ஒரு தூக்கு,
அந்தப் பக்கம் வைத்தேன்.
அவ்வளவுதான்.
ஒரு சொல் பேசவில்லை அவள்.
திரும்பினாள்.
நாலு காலில் மேலேறினாள்,
முப்பத்தேழு, முப்பத்தாறு,
கதவு வரைக்கும்.
நான் களவாடிய ஒரு படிக்காக
எல்லாப் படியும் முதலிலிருந்து.

எண்ணிக்கொண்டே வருவாள்.
ஒன்று, இரண்டு, ஐந்து.
ஐந்து, ஐந்து, ஐந்து.
இந்த மலையில் எல்லாமே ஐந்து.

வழியில் ஆட்கள் வேறு.
சொட்டும் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வணக்கம்.
சுவரில் யாரோ வரைந்த நீல மீனுக்கு,
கண் உரிந்துபோன பக்கத்தில், ஒரு முத்தம்.
ஃப்லோஹோ என்கிற நாய்
எந்தப் படியில் படுத்திருக்கிறதோ
அந்தப் படியில் நாங்களும் உட்கார வேண்டும்.
கேஸ்காரன் சிலிண்டரைத் தட்டினால்
தட்டி முடிக்கும்வரை ஆட வேண்டும்.

வாரிக்கொண்டு ஓடலாமே என்பீர்கள்.
ஓடியிருக்கிறேன்.
தூக்கிய கணம் எலும்பெல்லாம் எங்கோ போய்விடும்,
பிழியாத போர்வைபோல் கைவழியே வழிவாள்.

காலை ஷிப்ட் வாரத்தில் ஒரு நாள்
தொண்ணூறாவது படியில் கத்திவிட்டேன்:
"சீக்கிரம்! வேலைக்கு நேரமாச்சு!"
என் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பியது.
எனக்கே அது பிடிக்கவில்லை.
ரோசியோ என்னைப் பார்த்தாள்.
மூக்கை என் கால்சட்டையில் துடைத்தாள்.
பிறகு இடுப்பில் கைவைத்து
நாயிடம் போய்,
அதே குரலில், அதே புருவத்தில்,
"சீக்கிரம்! வேலைக்கு நேரமாச்சு!"
நாய் ஒரு காதை மட்டும் அசைத்தது.
சிரிப்பை அடக்கினேன். முடியவில்லை.
அன்று அரை நாள் சம்பளம் போனது.

இது இரவு ஷிப்ட் வாரம்.
கிரேனை விட்டு இறங்கி, விடிகாலை,
நான்காகப் பிளக்கும் சூடான ரொட்டியோடு
தனியாக ஏறினேன்.
கால்கள் தாமாகவே ஏறின.
மீனைத் தாண்டினேன்.
குழாயையும் தாண்டி ஆறு படி போனபின்
என்னவோ விட்டுப்போன மாதிரி இருந்தது.
சுற்றிலும் பார்த்தேன்.
ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.
ஆறு படி இறங்கிப் போய்
குழாய்க்கு வணக்கம் சொன்னேன்.
மீனுக்குச் சொல்லவில்லை,
அதற்கும் ஒரு எல்லை உண்டு.

கதவை விரல் நுனியால்தான் தட்டினேன்,
யாஸ்னா தூங்கட்டும் என்று.
சாவிக்காகப் பையில் கைவிட்டபோது
உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம்.
ஏறும் மூச்சு.
தாழ்ப்பாளில் ஒரு சின்ன உலோகக் கிணுகிணுப்பு.
"நானே!"

சாவி விரலில் தட்டுப்பட்டது.
அப்படியே விட்டுவிட்டேன்.
ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
கடைசிப் படியில் உட்கார்ந்தேன்.
ஃப்லோஹோ வந்து பக்கத்தில் படுத்தது.
உள்ளே எண்ண ஆரம்பித்திருந்தாள்.
ஒன்று. இரண்டு.